தெக்குப் பாத்த வாசல்

தெக்குப் பாத்த வாசலாம். யார் சொல்றது பாருங்க. பொண்ணு பாக்க வர்றதுக்கே ராகு காலமாப் பாத்து வந்த குடும்பம் அது. ஆடி மாசத்துல, ஐயர் இல்லாம, அம்மி இல்லாம, மேடையேறி மைக்கைப் புடிச்சு உறுதிமொழி படிச்சுக் கல்யாணம் பண்ணுன மனுசன் என்ற ஊட்டுக்காரர் அறிவரசு. எங்கப்பா மனசு கேக்காம மண்டபத்துக்குப் பின்னால போய்த் திருட்டுத்தனமா ஒரு தேங்காயை ஒடைச்சாரு. தண்ணி தெறிச்சுக் கண்ணுல பட்டு, கடைசி வரைக்கும் கண்ணைக் கசக்கிட்டே நின்னாரு. ஒரம்பரை சனமெல்லாம் பொண்ணைப் பிரியற துக்கம்னு நெனைச்சுட்டாங்க. அப்படியாப்பட்ட ஊட்டுப் பையன், மெல்போர்ன் வந்து, பிரன்ஸ்விக்ல டிராம் நிக்கற எடத்துக்கு எதுத்தாப்புல, சமையக்கட்டு வரைக்கும் வெயில் வந்து படுத்துக்கற ஒரு ஊட்டு வாசல்ல நின்னு, போனை உள்ளங்கையில படுக்கப்போட்டு, அதுல திசைகாட்டி முள்ளு சுத்தி நிக்கறதைப் பாத்துட்டு, என்ற முகத்தைப் பாக்காமச் சொல்றாரு: "தெக்குப் பாத்த வாசல் வாணி. வேண்டாம்." அட கெரகமே! எனக்கு நின்ன எடத்துலயே பத்திக்கிட்டு வந்துது. ஏஜென்ட் பொண்ணு சிரிச்ச முகமாப் பக்கத்துல நிக்குது, அது முன்னால என்னன்னு சண்டை போடறது. சரிங்கன்னு தலையாட்டிட்டு வந்து ரயில் ஏறியாச்சு. இப்ப கால்ஃபீல்டும் தாண்டியாச்சு, இன்னும் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசலை. ஜன்னலோரம் நான், இந்தப் பக்கம் அவரு, நடுவுல என்ற கைப்பை உக்காந்திருக்குது.

பேசட்டும், பேசாமப் போவட்டும். நான் ஒரு முடிவோடதான் இருக்கேன். இன்னைக்கு ரெண்டு ஊடு பாக்கறது. ஒண்ணு பாத்தாச்சு, அது எனக்குப் புடிச்சது. இன்னொண்ணு பேக்கன்ஹாம்ல, ரயில் லைன் முடியற பக்கம், அது அவருக்குப் புடிச்சது. சாயந்தரத்துக்குள்ள ஏஜென்டுக்குப் பதில் சொல்லோணும். பிரன்ஸ்விக் வேண்டாம்னே அவரு நின்னாருன்னா, நான் ஊருக்கு, கோபிக்கே போயிருவேன். எங்கம்மா ஊட்டுக்கு. தனியா. திரும்பி வர்ற டிக்கெட் போடாம. இதை இன்னும் அவருகிட்டச் சொல்லலை, நாக்கு நுனியில வெச்சுட்டு உக்காந்திருக்கேன். ஒவ்வொரு ஸ்டேஷன் வர்றப்பவும் இதோ சொல்லிரலாம்னு வாயைத் தொறக்கறேன். கதவு தொறக்குது, கூதக்காத்து உள்ள வருது, நாலு பேர் ஏறறாங்க, கதவு சாத்துது, என்ற வாயும் சாத்திக்குது. இப்ப இருக்கறதும் அதே பேக்கன்ஹாம்லதான், குகதாசன் அண்ணன் ஊட்டுப் பின்னால இருக்கற சின்ன ஊடு. அவரு யாழ்ப்பாணத்துக்காரர், இங்க வந்து தலை நரைச்சவரு, நாங்க வந்து எறங்குன அன்னைக்கு ஏர்போர்ட்டுக்கே கார் எடுத்துட்டு வந்த மனுசன். அவரு மகன் கல்யாணமாகிப் பொண்டாட்டியோட திரும்பி வர்றான், அதனால நாங்க காலி பண்ணோணும். "நீங்கள் ஆறுதலாப் பாருங்கோ தங்கச்சி, ஒருத்தரும் உங்களைக் கலைக்கேல்லை" ன்னு சொன்னாரு பாவம். அவங்கூர்ல ஆறுதலான்னா அவசரப்படாம. ஆனா எனக்கு ஆறுதலெல்லாம் வேண்டாம். அந்த ஊரை விட்டு ஓடுனாப் போதும்.

ரயில் இங்க மேடை மேல போவுது, தூணு நட்டு, மேம்பாலமாட்ட. கீழ எல்லார் ஊட்டுப் பின்கட்டும் தெரியுது. காயப்போட்ட துணி, துருப்புடிச்ச அடுப்பு, எலுமிச்சை மரம். நல்ல ஊடுதான் எல்லாம், எதைப் பாத்தாலும் இங்க குடியிருக்கலாமேன்னு தோணுது, சமையக்கட்டு அது, துவைக்கற எடம் இது, சாயந்தரம் அந்தத் திண்டுல உக்காந்து டீ குடிக்கலாம். அப்பறம் ஒரு டிராம்போலின். வட்டமா, சுத்தி வலை கட்டி, குழந்தைக குதிக்கறது. அடுத்த ஊட்டுலயும் ஒண்ணு. அதுக்கடுத்த ஊட்டுலயும். இந்த ஊர்ல டிராம்போலின் இல்லாத பின்கட்டே கெடையாதா? கண்ணை எடுத்துக்கறேன். எடுத்து எங்க வெக்கறது, அவரு மேலதான் வெக்கோணும். அவரு ஷூ மேல வெக்கறேன். ஓரத்துல புல்லு ஒட்டிக் காஞ்சிருக்குது. ஞாயித்துக்கெழமை ஆனா விடிஞ்சும் விடியாமக் கெளம்பிருவாரு, "சித்தெ நடந்துட்டு வர்றேன்" ம்பாரு. வர்றப்ப ஷூவெல்லாம் நனைஞ்சு, புல்லு ஒட்டி, மூக்கு நுனி செவந்து வருவாரு. நான் செவுத்தைப் பாத்துப் படுத்துட்டு இருப்பேன். ஒரு நாளாவது வர்றயான்னு கேட்டாரா? கேக்கலை. நான் படுத்துக் கெடக்கறதைப் பாக்கச் சகிக்காமத்தான் போறாரு. யாருக்குத்தான் சகிக்கும். எனக்கே சகிக்கலை. ஆனா நான் எங்க நடந்து போறது, என்ற ஒடம்பை இங்க போட்டுட்டு.

ஈரோட்டுல கண்ணாஸ்பத்திரியில இருந்தப்ப நாள் பூரா ஒரே கேள்விதான். லென்சை மாத்தி மாத்திப் போட்டுக் கேப்பேன், "இது நல்லாத் தெரியுதுங்களா, இல்ல இது நல்லாத் தெரியுதுங்களா?" இங்கயும் அதே பொழப்பு கெடைச்சுது, சிட்டிக்குள்ள ஒரு கண்ணாடிக் கடையில, டாக்டருக்கு ஒத்தாசையா. ஒண்ணா, ரெண்டா? பாதிப் பேருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனா தெரியலைன்னு சொல்லச் சங்கடப்பட்டுட்டு ரெண்டும்பாங்க. ரெண்டாவதா காட்டறது எதுவோ அதையே நல்லதும்பாங்க. அவங்க பொய் சொல்றாங்கன்னு எனக்குக் கொரலை வெச்சே தெரிஞ்சுபோவும். இவரு கொரலும் அப்படித்தான் இருந்துது இன்னைக்கு. தெக்குப் பாத்த வாசல் வாணி. பொய்யி. என்ன பொய்யின்னு தெரியலை, ஆனாப் பொய்யி. போன வாரம் புட்ஸ்கிரேல பாத்த ஊட்டுக்கு "சமையக்கட்டு ஈசானிய மூலையில இருக்குது" ன்னாரு. ஈசானியங்கற வார்த்தையை எங்க போய்ப் பொறுக்கிட்டு வந்தாருன்னே தெரியலை. அதுக்கு முந்தி பிரெஸ்டன்ல, முன்னால மொட்டை மரம் நிக்குதாம், ஆகாதாம். ஆனி ஆடி இங்க குளிர்காலம், இந்த ஊர்ல எல்லா மரமும் மொட்டைதான், மாமனாருக்குப் போன் போட்டு, உங்க மகன் மரத்துக்குப் பயப்படறாருன்னு சொல்லிரலாமான்னு வந்துது. சிரிப்பா இல்ல. பழைய நாளா இருந்தா இதை வெச்சே ஒரு மாசம் ஓட்டியிருப்பேன். ஏனுங்க பகுத்தறிவு, பூனை குறுக்க போச்சுங்க, போலாமுங்களா, நிக்கலாமுங்களான்னு. அவரும் சிரிப்பாரு. சிரிச்சா வலது கன்னத்துல மட்டும் குழி விழும். அந்தக் குழியைப் பாத்து எத்தனை நாளாச்சு.

ஒவ்வொரு ஊட்டுலயும் போனை எடுத்துப் படுக்கப்போட்டுப் பாக்கறாரு. முள்ளு ஆடி நிக்கற வரைக்கும் அசையாம நிக்கறாரு, சாமிக்கு முன்னால நிக்கறாப்புல. அப்பறம் ஒரு பக்கமாத் திரும்பி, ஜன்னல் இருந்தா ஜன்னல் வழியா, செவுரு இருந்தா செவுத்தையே பாத்துக்கிட்டு நிப்பாரு. அப்பறம்தான் வேண்டாம்பாரு. ஏஜென்ட் பொண்ணு இன்னைக்கு நல்லாத்தான் சொல்லுச்சு. இந்த ஊர்ல வெயில் வடக்கு வழியாத்தான் வரும், வாசல் தெக்க இருந்தாப் பின்கட்டு பூரா வெளிச்சம், எல்லாரும் இதைத்தான் தேடுவாங்கன்னு. நெசமா? நெசந்தான். இங்க சூரியன் உச்சிக்கு வந்தா வடக்கால நிக்கும், நம்மூருக்குத் தலைகீழு. அதைச் சொல்லிட்டு அந்தப் பொண்ணு கேட்டுச்சு, மொத்தம் எத்தனை பேர் இருப்பீங்கன்னு. எந்த ஊட்டுக்குப் போனாலும் இதைக் கேப்பாங்கன்னு தெரியும், தெரிஞ்சும் ஒவ்வொரு தடவையும் மனசு மூணுன்னு எண்ணிரும். இவரு டக்குன்னு "ரெண்டு பேர்" ன்னாரு. யோசிக்கவே இல்லை. பேனா கேட்டா எடுத்து நீட்டற மாதிரி. எனக்குப் பொக்குன்னு போச்சு. ரெண்டுதான், பொய்யில்லை, வேற என்னதான் சொல்றது. ஆனாச் சித்தெ தயங்கியிருக்கலாமே. நாக்கு ஒரு நொடி தடுக்கியிருக்கலாமே. ஏஜென்ட் பொண்ணு எழுதிக்கிச்சு, தலையை நிமித்தி, ரெண்டாவது ரூமை ஆபீஸ் ரூமா வெச்சுக்கலாம்னு சிரிச்சுது. ஆமா, ஆபீஸ் ரூம். வெச்சுக்கலாம்.

அவ பொறந்தப்பவே மூச்சு இல்லை. ஏழு மாசம் முடிஞ்சு எட்டு. அன்னைக்கு விடியால இருந்தே அசைவு இல்லைன்னு எனக்குத் தெரியும், தூங்கறா தூங்கறான்னு எனக்கு நானே சொல்லிட்டு, இனிப்புத் தண்ணி குடிச்சு, இடது பக்கம் படுத்து, வலது பக்கம் படுத்து. அதை நெனைக்க வேண்டாம். அதை நெனைச்சா அங்கயே சுத்திச் சுத்தி வரோணும், ஏன் அப்பவே போவலை, ஏன் அப்பவே போவலை. டாக்டரம்மா கையைப் புடிச்சுச் சொன்னாங்க, உன் தப்பு எதுவும் இல்லை, அப்பவே வந்திருந்தாலும் இதுதான்னு. நல்லவங்க. குளிப்பாட்டித் துணி சுத்தி என்ற கையில குடுத்தாங்க. எவ்வளவு முடி! கருகருன்னு, ஈரமா, நெத்தியில ஒட்டிட்டு. வலது கன்னத்துல குழி இருக்குமான்னு தேடுனேன். சிரிச்சாத்தானே தெரியும். எத்தனை நேரம் வேணுமோ வெச்சுக்கோன்னாங்க. நான் வெச்சுட்டுத்தான் இருந்திருப்பேன், அப்பத்தான் எங்கம்மா போன்ல வந்துது. அழுதுட்டே சொல்லுச்சு: "குடுத்துரு கண்ணு. பெத்தவ கூடப் போவப்படாது, எடத்தைப் பாக்கப்படாது. பாத்தா அடுத்தது தங்காதும்பாங்க. மாப்பிள்ளை பாத்துக்குவாரு." எங்கூர்ல அப்படித்தான், சின்னதுக போனாப் பெத்தவளை ஊட்டுல உக்கார வெச்சுருவாங்க, ஆம்பளைங்க ரெண்டு பேர் துணியில சுத்தித் தூக்கிட்டுப் போய் வெச்சுட்டு வந்து தலைக்குத் தண்ணி ஊத்திக்குவாங்க, யாரும் எங்கன்னு கேக்கறதில்லை. நான் குடுத்துட்டேன். இவரும் குகதாசன் அண்ணனும் எதுக்கோ போயிட்டுப் போயிட்டு வந்தாங்க. ஒரு நாள் சாயந்தரம் தலை ஈரமா வந்து நின்னாரு. எங்கன்னு கேட்டேன். "ஆஸ்பத்திரியிலயே எல்லாம் பாத்துக்கிட்டாங்க வாணி" ன்னாரு. சரின்னுட்டேன். பாத்துக்கிட்டாங்கன்னா என்ன? எங்க? என்ன பண்ணுனாங்க? பெருசா ஒரு கட்டடம், பெருசா ஒரு கதவு, அதுக்கு அக்கட்டால அவ. அதுக்கு மேல நான் போவ மாட்டேன். மனசு அந்தக் கதவு வரைக்கும் போவும், தலையை முட்டும், திரும்பி வரும்.

டான்டினாங் வந்துருச்சு. கூட்டம் எறங்குது. ஒரு அம்மா குழந்தை வண்டியைத் தூக்க முடியாமத் தடுமாற, இவரு எந்திரிச்சுப் போய் ஒரு பக்கம் புடிச்சு எறக்கி விட்டுட்டு வர்றாரு. வண்டிக்குள்ள எட்டிப் பாத்தாரா? பாத்தாரு. பாத்துட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்து உக்காந்துக்கறாரு. அழ மாட்டாரா இந்த மனுசன்? நான் பாத்து ஒரு சொட்டு விட்டதில்லை. மூணாம் நாளே வேலைக்குப் போனாரு. சோத்தைப் போட்டாத் திங்கறாரு, ரசம் நல்லாருக்குதுங்கறாரு. எனக்கு அந்த ரசத்தை அப்படியே எடுத்து... விடு. எனக்குப் பயம் எதுலன்னா, அவரு மறந்துட்டாரோன்னுதான். அவரும் மறந்துட்டா இந்த ஒலகத்துல அவளைப் பாத்தது நான் ஒருத்திதான்னு ஆயிரும். நானும் போயிட்டா, அவ்வளவுதான், அவ வரவே இல்லைன்னு ஆயிரும். இந்தப் பயம் நெஞ்சுல உக்காந்துட்டு எந்திரிக்கவே மாட்டேங்குது. மறக்காதவரா இருந்தா அதே பேக்கன்ஹாம்லயே இருக்கலாம்பாரா? அங்க எந்தத் தெருவுல கால் வெச்சாலும் அவ இருக்கா. கிளினிக் போற வழியில ஏத்தத்துல நின்னு மூச்சு வாங்குன எடம். முதல் தடவை ஒதைச்ச பஸ் ஸ்டாப். காய்கறிக் கடையில பில்லு போடற பொண்ணு, என்ற வயித்தைப் பாத்துப் பாத்துச் சிரிக்கும், அப்பறம் ஒரு நாள் நான் தக்காளியோட போய் நிக்கறேன், "வந்துருச்சா! பையனா பொண்ணா?" ன்னு சந்தோசமாக் கேக்குது. பொண்ணுன்னேன். பேரு என்னன்னு கேட்டுச்சு. தக்காளியை அங்கயே வெச்சுட்டு வந்துட்டேன். அதுக்கப்பறம் அந்தக் கடைக்குப் போறதில்லை, அந்தத் தெருவுக்கே போறதில்லை, கடைசியில ஊட்டை விட்டு வேலைக்குப் போற ரோட்டைத் தவிர வேற ரோடு எனக்கு இல்லாமப் போச்சு. இந்த ஊர்ல என்னைக் குடியிருன்னா எங்க குடியிருக்கறது?

பெர்விக் தாண்டுனதும் மேடு பள்ளமாப் பச்சை தெரிய ஆரம்பிக்குது, மாடு மேயுது. இனிச் சொல்லலைன்னா எறங்கற எடம் வந்துரும். "ஏனுங்க" ன்னேன். அவரு திரும்புனாரு. "பிரன்ஸ்விக் ஊட்டுல என்னங்க கொறை? நெசமான கொறையைச் சொல்லுங்க. தெக்கு வடக்குன்னு என்றகிட்ட ஓட்டாதீங்க. எங்கப்பா கேட்டா வெக்கப்படுவாரு, உங்கப்பா கேட்டா நெஞ்சு வெடிச்சுப் போவாரு." அவரு கையைப் பாத்துட்டு, "உனக்கு வேலைக்குக் கிட்டங்கறது தெரியும் வாணி. ஆனா... பேக்கன்ஹாம்ல இன்னைக்குப் பாக்கறது நல்லாருக்கும். சின்ன ஊடு. முன்னால தோட்டம். வந்து பாரு. ஒரு தடவை பாரு" ன்னாரு. "எனக்கு அந்த ஊரு வேண்டாம்." "தெரியுது." "தெரிஞ்சுமா?" அப்பச் சொல்லிட்டேன். நாக்கு நுனியில இருந்தது தானா விழுந்துருச்சு. "அப்ப நீங்க இருங்க. நான் கோபிக்குப் போறேன். நான் போனா வர மாட்டேனுங்க." சத்தமாச் சொல்லிட்டேன் போல, எதுத்தாப்புல ஒரு வயசானவரு பேப்பரை எறக்கிப் பாத்துட்டுத் திரும்ப ஏத்திக்கிட்டாரு. என்ற ஊட்டுக்காரர் முகம் என்னமோ மாதிரி ஆச்சு. அடிச்சுத் துவைச்ச துணியாட்ட. சண்டை போடுவாருன்னு பாத்தேன், போவாதேம்பாருன்னு பாத்தேன். கடைசியில, "என்னால வர முடியாது வாணி" ன்னாரு. "நான் இங்கதான் இருக்கோணும்." அவ்வளவுதான். அப்பச் சரி. முடிஞ்சுது. பொண்டாட்டி போறேங்கறா, இவருக்குப் பேக்கன்ஹாம் முக்கியம். எந்த ஒண்ணு, எந்த ரெண்டு, இதுல என்ன தெளிவா இல்லாமப் போச்சு, எல்லாம் நல்லாத் தெளிவாத்தான் தெரியுது.

எறங்கிட்டோம். ஏன் எறங்குனேன்னு தெரியலை, அப்படியே உக்காந்து லைன் கடைசி வரைக்கும் போயிருக்கலாம். ஏஜென்டுக்குச் சொன்ன நேரம் ஆயிருச்சு, வந்தது வந்தாச்சு, பாத்துட்டுப் போயிரலாம்னு கால் நடக்குது. துணி மடிக்கறதையும் பெட்டி கட்டறதையும் மனசு அதுபாட்டுக்கு ஆரம்பிச்சுருச்சு, எந்தச் சேலை, எந்தச் சுவெட்டர், சுவெட்டர் எதுக்குக் கோபிக்கு. அவரு ரெண்டடி முன்னால போறாரு. இது நான் வராத பக்கம். போன்ல வழியைப் போட்டு நான் பாக்கறேன், நேராப் போய் வலது கைப் பக்கம் திரும்பச் சொல்லுது. அவரு போனைப் பாக்கவே இல்லை. ஒரு எடத்துல ரோட்டை விட்டுப் புல்லுல எறங்கி, வேலி ஓரமா ஒத்தையடித் தடம் ஒண்ணு போவுது, அதுல கால் வெச்சுட்டாரு. தடம் புல்லுல நல்லாப் படிஞ்சு கெடக்குது. வெச்சுட்டு நின்னாரு, என்னமோ தப்புப் பண்ணிட்ட மாதிரித் திரும்பி ரோட்டுக்கு வந்தாரு. "இப்படிங்க" ன்னு நான் போனைக் காட்டுனேன். அப்ப வேலிக்கு அக்கட்டால புல்லு வெட்டற வண்டியை நிறுத்திட்டு ஒரு ஆளு, மஞ்சச் சட்டை போட்டவரு, கையைத் தூக்கி, "ஹலோ அரி! இன்னைக்கு ஞாயிறு இல்லையே" ன்னு சிரிச்சாரு. அறிவரசு இவங்க வாயில அரி. என்னையும் பாத்தாரு. பாத்ததும் சிரிப்பை எடுத்துட்டாரு. தொப்பியைக் கழட்டுனாரு. அந்தத் தொப்பியைக் கழட்டுனதுலதான் எனக்கு எல்லாம் தெரிஞ்சுது. வேலிக்குள்ள பச்சைப் புல்லு, சின்னச் சின்னச் சமாதிக் கல்லு, ஒரு கல்லுக்குப் பக்கத்துல குச்சியில காத்தாடி சுத்துது, இன்னொண்ணுல ஒரு துணி முயல்.

"ஆஸ்பத்திரியில பாத்துக்கிட்டாங்கன்னு சொன்னீங்க." என்ற கொரல் எனக்கே கேக்கலை. அவரு கம்பியைப் புடிச்சுட்டு நின்னாரு. "அத்தை சொன்னாங்க வாணி. எடத்தைக் காட்டிராதீங்க மாப்பிள்ளை, காட்டுனா அவ அங்கயே போய் உக்காந்துக்குவா, எந்திரிச்சு வர மாட்டான்னு. நான் இதையெல்லாம் நம்பறவன் இல்லை, உனக்குத் தெரியும். ஆனா அன்னைக்கு யாரு என்ன சொன்னாலும் அதைச் செஞ்சா நீயாவது பொழைச்சுக்குவியோன்னு இருந்துது. உனக்குக் காட்டலை. நான் போய் உக்காந்துக்கிட்டேன்." கண்ணுல தண்ணி ஓடுது, தொடைக்கக்கூட இல்லை அந்த மனுசன். ஞாயித்துக்கெழமை. நனைஞ்ச ஷூ. செவந்த மூக்கு. அய்யோ, நான் செவுத்தைப் பாத்துப் படுத்திருந்தேனே. "பொதைக்கறப்பக் குகதாசன் அண்ணன், அவ தலை தெக்க இருக்கோணும்னாரு. பொட்டி இத்தனூண்டுதான். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. எனக்குத் தெக்கு எதுன்னே தெரியலை வாணி. நானு என்னைக்குத் திசை பாத்தேன்? சூரியனைப் பாத்துச் சொல்லலாம்னா இங்க அது வடக்கால போவுது. அண்ணன் ஒரு பக்கம் காட்டறாரு, அழுதுட்டு மறுபடி இன்னொரு பக்கம் காட்டறாரு. போனை எடுத்துப் பாத்தேன். முள்ளு நிக்கவே இல்லை. கை நடுங்குனா முள்ளு நிக்காது. அந்த ஆளுதான் வந்து என்ற கையைப் புடிச்சுட்டாரு. அப்பறம்தான் நின்னுது." மஞ்சச் சட்டைக்காரர் தூரமாப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்னுட்டு இருந்தாரு. "அப்ப ஒவ்வொரு ஊட்டுலயும் போனை வெச்சுப் பாத்தது?" "அந்த ஊட்டுல இருந்து அவ எந்தப் பக்கம்னு பாப்பேன். எத்தனை தூரம்னு பாப்பேன். எங்க நின்னாலும் தூரமாத்தான் இருந்துது. உன்றகிட்ட என்ன காரணம் சொல்றதுன்னு தெரியலை. தெக்குங்கறது ஒண்ணுதான் வாயில வந்துது."

என்ற போன் அடிக்குது. ஏஜென்டா இருக்கும், வாசல்ல நின்னுட்டு இருப்பாங்க. அடிச்சுட்டே இருக்குது, எடுக்கறதுக்குக் கை வரலை. கோபியில எங்கம்மா இந்நேரம் காலைச் சமையலுக்குக் காய் அரிஞ்சுட்டு இருக்கும். பாவம் அதுக்கும் தெரிஞ்சது அதுதான், அதுக்கு அவங்கம்மா சொன்னது. ஆனா அம்மா, நீ சொன்ன அந்த அடுத்தது எதுவும் எனக்கு இப்ப வேண்டாம், இவதான் வேணும், இவ இங்க இருக்கறா, நான் தெனமும் ரயிலேறிப் போற ரோட்டுக்குப் பின்னால, இத்தனை கிட்ட, மழையிலயும் கூதல்லயும். இனி நான் எந்த ஊருக்குப் போறது. பிரன்ஸ்விக்கோ, கோபியோ, எங்க கொண்டு போய் என்னை வெச்சாலும் நானும் இனிப் போனைப் படுக்கப்போட்டுப் பாத்துட்டுத்தான் நிப்பேன். கம்பிக் கதவுல தாழ்ப்பா மட்டுந்தான், பூட்டு இல்லை. அவரு என்ற முன்னால கையை நீட்டுனாரு, தடுக்கறதுக்கா புடிக்கறதுக்கான்னு அவருக்கே தெரியலை. "வாணி, பாக்கப்படாதும்பாங்க..." ன்னாரு, ராகு காலத்துல என்னைப் பொண்ணு பாக்க வந்தவரு. தாழ்ப்பாளை நானே தூக்குனேன். புல்லு ஈரமா இருந்துது, செருப்பு வழியாக் காலெல்லாம் நனைஞ்சுது. அந்தக் கல்லுக அத்தனையிலயும் எது என்ற புள்ளைன்னு எனக்குத் தெரியலை.

"தெக்கு எந்தப் பக்கமுங்க," ன்னேன், "காட்டுங்க."